பவளத்துக்கு வயிற்றுவலி

நாச்சிமுத்து கண் விழிப்பதற்குள் அவருடைய உடம்பு பரிசோதிக்கப்பட்டு முடிந்திருந்தது. கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் கிடந்த அரிசியளவு ‘நலமணி’ இரவெல்லாம் ரத்தத்தைச் சலித்துப் பார்த்தது. சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்தது. கொழுப்பைக் கொஞ்சம் கரைத்தது. விடிந்ததும் காதுக்குள் ‘நலம்’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடங்கியது. நாட்டில் எல்லோருக்கும் இப்படித்தான் விடிந்தது. மனிதர்களைப் பார்க்க டாக்டர் என்று ஒருவர் இல்லாமல் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

குதிரைகளுக்கு மட்டும் டாக்டர்கள் இருந்தார்கள். நலமணியைக் குதிரை உடம்பு ஏற்கவில்லை. எங்கே புதைத்தாலும் சீழ் கட்டி வெளியே தள்ளியது. செய்து பார்த்தவர்களும் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். அதனால் ஊருக்கொரு குதிரை வைத்தியர் இருந்தார்; அவர்களுக்குப் பிடிபடாத நோயென்றால் அனுப்பிவைக்க அந்தியூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையும் இருந்தது.

நாச்சிமுத்துவின் குதிரை பவளம். அவருடைய மனைவி மரகதம் மார்கழியில் இறந்த பிறகு அது கொள்ளுத் தீனியைத் தொடவில்லை. காலால் தரையைப் பிராண்டியபடி விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஊர் வைத்தியர் ராயப்பன் இரண்டு நாள் பார்த்துவிட்டு, மேலே கொண்டுபோகச் சொல்லிச் சீட்டு கொடுத்தார்.

அங்கே பவளத்தைப் பார்த்தவர் டாக்டர் ரேணுகாதேவி. வந்தவுடன் அவர் தொடவில்லை. பக்கத்தில் வந்து சும்மா நின்றார். கையை நீட்டி முகர்ந்து பார்க்க விட்டார். பிறகு ஈறைப் பார்த்து, வயிற்றில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். கேட்டபடியே நாச்சிமுத்துவிடம் விசாரித்தார். தண்ணீர் எப்போது குடித்தது, வீட்டில் ஏதாவது மாறியதா, வழக்கமாகத் தீனி வைப்பது யார்? மரகதம்தான் வைப்பாள் என்று தொடங்கியவர், அவள் கொள்ளு ஊறவைக்கும் பக்குவம்வரை சொல்லிக்கொண்டே போனார். டாக்டர் அவசரப்படவில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

குடலில் சாணம் இறுகியிருக்கிறது, எண்ணெய் விட்டு நடக்க வைத்தால் சரியாகிவிடும் என்றார். மூக்கு வழியாகக் குழாய் இறக்கி எண்ணெய் விட்டார்கள். சாயங்காலத்துக்குள் பவளம் சாணம் போட்டது.

கிளம்பும்போது நாச்சிமுத்து தயங்கி நின்றார்.

“டாக்டரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. என்னையும் ஒருக்காத் தொட்டுப் பாப்பீங்களா?”

மனிதரைத் தொட்டு வைத்தியம் பார்க்க அவருக்கு அனுமதி கிடையாது. ஆனாலும் கையைக் கழுவிவிட்டு வந்தார். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். குதிரைகளுக்கு வைத்துக் கேட்கும் ஸ்டெதஸ்கோப் குழலை அவர் நெஞ்சில் வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னார்.

“உடம்புல ஒண்ணுமில்லீங்க. தனியா உக்காந்து சாப்பிடப் புடிக்காம அரை வயித்தோட எந்திருச்சுக்கறீங்க. அவ்வளவுதான்.”

நலமணி தினமும் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் நாச்சிமுத்து பவளத்தின் பிடரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அன்றிரவு மனைவி போன பிறகு முதல்முறையாக நன்றாகத் தூங்கினார்.

இதை அவர் எதிர்வீட்டு வேலாத்தாளிடம் மட்டும் சொன்னார். அவள் தங்கையிடம் சொன்னாள். பேச்சு மாவட்டம் முழுக்கப் பரவியது. வயதானவர்களுக்கெல்லாம் அந்தக் காலத்து ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. மருந்து வாசனை, நெஞ்சில் படும் குழலின் சில்லிப்பு, நாக்கை நீட்டச் சொல்லும் குரல், பேர் சொல்லிக் கூப்பிட்டுக் குடும்பத்தையே விசாரிக்கும் டாக்டர். மனுசனை மனுசன் தொட்டுப் பார்த்த காலம் என்று பெருமூச்சு விட்டார்கள். அந்த வருடம் அந்தியூர்ச் சந்தையில் ஒரு குதிரை மிஞ்சவில்லை. வாழ்நாளில் கடிவாளம் பிடிக்காதவர்கள் எல்லாம் வாங்கினார்கள். வாங்க வசதியில்லாதவர்கள் இரவல் வாங்கிக்கொண்டு மலையடிவாரத்துக்கு நடந்தார்கள். ரேணுகாதேவிக்கு யாரையும் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

அடுத்த வெயில் காலத்தில் பவளத்துக்கு மறுபடியும் வயிறு இறுகியது. நாச்சிமுத்து ராயப்பனிடம்கூடப் போகாமல் நேரே மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

மைதானம் முழுக்கக் குதிரைகள். எல்லாம் கொழுகொழுவென்று புல்லை மேய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருமிக்கொண்டோ இடுப்பைப் பிடித்துக்கொண்டோ ஒருவர். வாசலில் டோக்கன் கொடுத்தார்கள். குதிரைகளை வெளியே கட்டிவிட்டு வரச் சொன்னார்கள். நாச்சிமுத்து பவளத்தை ஒரு புங்கமரத்தில் கட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். நடுப்பகல் தாண்டித்தான் கூப்பிட்டார்கள்.

டாக்டர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே அவருடைய கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

“எனக்கில்லீங்க டாக்டரம்மா. குதிரைக்குத்தானுங்க...”

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. மூச்சை இழுத்து விடுங்க. ஒண்ணுமில்ல, வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. அடுத்தவங்களை வரச் சொல்லுங்க.”

உதவியாள் கதவைத் திறந்துவிட்டான். நாச்சிமுத்துவுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் டாக்டரின் முகத்தைப் பார்த்தபோது அது நிற்கவில்லை. அவரும் காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டார் போலிருந்தது. வெளியே வந்து பவளத்தை அவிழ்த்தார். ராயப்பன் கொட்டகையில் இப்போது ஒரு குதிரைகூட நிற்காது. அவராவது வயிற்றில் காது வைத்துக் கேட்பார். வெயில் தாழ்வதற்குள் போய்விடலாம்.

கேட்டருகே இரவல் குதிரையோடு நின்றிருந்த ஒரு பெண், ஆசையாக அவரை நிறுத்தினாள்.

“ஏனுங்க, உள்ளார அந்தக் காலத்து டாக்டருங்க மாதிரியே பாக்கறாங்களாமே? நெசமுங்களா?”

நாச்சிமுத்து யோசித்தார். சின்ன வயதில் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு நாள், நெடுங்காலத்துக்குப் பிறகு, இனிப்புக் கலக்காமல் நினைவுக்கு வந்தது. காலையிலிருந்து உட்கார்ந்திருந்தது, உள்ளே போனதும் நிமிராமல் எழுதிய கை, அப்பா வாயைத் திறப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட அடித்த மணி.

“ஆமாங்க, அச்சு அசலா அதே மாதிரிதான்” என்றார்.

அந்தப் பெண் பூரித்துப்போய், குதிரையை இழுத்துக்கொண்டு வரிசைக்கு ஓடினாள்.