சிலாக்பான் வெள்ளச் சுவர்

சிலாக்பான் கரையில் நாங்கள் படகிலிருந்து இறங்கியபோது காலை பத்து மணி இருக்கும். தூறல். ஆற்றின் மேல் பனி படர்ந்திருந்தது. மணிலாவிலிருந்து ஐந்து மணி நேரம் என்னோடு வந்த பொறியாளர் டெல்ஃபின் ஒகாம்போ வழியெல்லாம் சிரிப்பும் பேச்சுமாக இருந்தார். சந்தையில் சாப்பிட்ட பூண்டுச் சோற்றுக்கும் கருவாட்டுக்கும் என் பங்கை நானே கொடுத்தபோதுதான் அவர் முகம் சற்றுச் சுருங்கியது.

என் பெயர் லூர்தெஸ். அரசின் தணிக்கை அலுவலகத்தில் இருப்பவள். மக்களின் வரிப்பணத்தில் கட்டியதாகச் சொல்வது நிஜமாகவே நிற்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பது என் வேலை. இந்த ஊரில் வெள்ளத் தடுப்புச் சுவர் கட்டி முடிந்ததாக டெல்ஃபின் கையெழுத்துப் போட்டிருந்தார். அடுத்த மழையில் பதினோரு பேரை வெள்ளம் கொண்டுபோனது.

எனக்கு முன்னால் அந்தச் சுவரை அளக்க வந்தவள் மிலாக்ரோஸ், எனக்கு மிலா. பதினாறு வருடம் என் பக்கத்து மேசை. அவள் கால் வழுக்கி ஆற்றில் விழுந்தாள் என்று வாக்குமூலம் கொடுத்தவரும் டெல்ஃபின்தான். உடல் கிடைக்கவில்லை.

படகோட்டி தினோ கயிற்றைக் கட்டியபடி கேட்டார். "எதப் பாக்க வந்தீங்க மேடம்?"

"வெள்ளச் சுவர, அண்ணே."

"அது காயிதத்துலதான் இருக்கு. இங்க வெறும் நாணல்." டெல்ஃபினை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காறித் துப்பினார். "எம் பொண்ணும் அந்த வெள்ளத்துலதான் போனா. சாருக்கு ஞாபகம் இருக்கோ என்னமோ."

டெல்ஃபின் என் காதருகே குனிந்தார். "குடிகாரன் மேடம். சுவரு புதருக்குள்ள மறைஞ்சு கெடக்கு. போட்டோ இருக்கே, அத வெச்சு முடிச்சுக்கலாமே. ஒரே சேறு."

"வந்தது வந்துட்டோம், பாத்துட்டே போயிடலாம் சார்."

நாணலை விலக்கினோம்.

சுவர் நின்றது.

என்னைவிட ஒன்றரை மடங்கு உயரம். அன்று காலைதான் பூசியதுபோல ஈரச் சிமெண்டு வாடை. அதற்கடியில் இன்னொரு வாடை, பல நாள் தண்ணீரில் ஊறிய துணியின் வாடை. தவளைகள் சட்டென்று அடங்கிப்போயிருந்தன.

அவர் சொன்னது சரிதான் போலிருக்கிறதே என்று ஏமாற்றத்தோடு திரும்பினேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இது இங்க இருக்க முடியாது."

"நீங்கதானே சார் கட்டினீங்க?"

"ஒரு கல்லுகூட வெக்கல, மேடம்."

என்ன சொல்லிவிட்டோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தேன். அதன் நுனி என் விரல்களிலிருந்து உருவிக்கொண்டு போனது. தரையில் படாமல், சுவரை ஒட்டி, பனிக்குள். யாரோ அதைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நடந்துபோவதுபோல.

பிறகு விறைத்து நின்றது.

"சார், அந்த முனையப் புடிங்க."

மிலாவின் குரல்.

டெல்ஃபின் அப்படியே சேற்றில் முழங்காலிட்டார். "நான் தள்ளல... சத்தியமா தள்ளல. அவங்களாத்தான் வழுக்கினாங்க. டேப்பப் புடிச்சுத் தொங்கினாங்க. விட்றாதீங்க சார்னு கத்தினாங்க. அவங்க மேல ஏறி வந்தா எல்லாத்தையும் எழுதிடுவாங்களேன்னு..."

"விட்டுட்டீங்க."

அதில் கோபமே இல்லை. ஒரு தப்பைச் சுட்டிக்காட்டும்போது அலுவலகத்தில் அவள் பேசும் அதே நிதானம்.

டேப் என் கையிலிருந்து பிடுங்கப்பட்டு அவர் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியது. இழுத்தது.

"மேடம், புடிங்க! விட்றாதீங்க மேடம்!"

பாய்ந்து அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்தேன். என் கைமேல் இன்னொரு கை வந்து படிந்தது. ஐஸ்கட்டிபோல, சொட்டச் சொட்ட ஈரமாக.

"நீ விடு, லூர்தெஸ்."

பதினோரு பேர். தினோவின் மகள். இவள்.

விட்டேன்.

சுவர் சேறுபோல இளகி அவரை வாங்கிக்கொண்டது. மறுபடி இறுகியது. அலறல் கேட்டுத் தினோ ஓடி வந்தபோது நாணல் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நடந்ததை அவரிடம் மட்டும் சொன்னேன். போலீஸார் ஒரு வாரம் ஆற்றில் தேடினார்கள். 'சுவர் எதுவும் இல்லை' என்று அறிக்கை எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

இந்த ஜூலையில் பெருவெள்ளம். நான்காம் நாள் தினோ போன் செய்தார்.

"ஒரு வீட்டுலயும் தண்ணி ஏறல மேடம். நாணல் வரைக்கும் வந்து, அப்படியே செங்குத்தா நிக்குது. தடுக்க ஒண்ணுமே இல்ல, வெறும் காத்து. ஊரே நின்னு பாக்குது."

"பயமா இல்லையா அண்ணே?"

அவர் போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். தண்ணீரின் இரைச்சல். அதற்குள், கனத்த எதையோ கையால் தட்டும் ஓசை. விடாமல், அவசரம் அவசரமாக.

"கேக்குதா? மூணு நாளா தட்டுறாரு." தினோவின் குரலில் சிரிப்பு. "நாங்க என்ன மேடம் செய்ய முடியும்? அங்கதான் சுவரே இல்லியே."