அத்தை அழுத்திய பட்டன்

"நீ ஒட்டின லட்சணம் இதுதானா?"

கணவன் போனை மேசைமேல் வைத்த வேகத்தில், அவள் வடிகட்டிக்கொண்டிருந்த டீ வெளியே சிந்தியது. காலையில் எழுந்ததும் ஆரம்பித்துவிட்டான்.

"டாக்டர் மெசேஜ் போட்டிருக்கார். அம்மா அந்த மெஷின் பட்டனை அத்தனை தடவை அழுத்தியிருக்காங்களாம். அழுத்தினப்பல்லாம் இதயம் அதுபாட்டுக்கு ஒழுங்கா துடிச்சிருக்காம்! ஒண்ணும் முடிவு பண்ண முடியலையாம். மறுபடி ஒரு வாரம் ஒட்டணுமாம். ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து ஒட்டுற... எங்கம்மான்னா மட்டும் ஏனோதானோவா?"

அவள் டீயை அவன் முன்னால் வைத்தாள். பதில் சொன்னால் மட்டும் கேட்டுவிடப் போகிறானா என்ன? உள்ளறையில் மாமியார் இருமினாள். அதுவும் தன்னைக் குத்திக்காட்டத்தான் என்று இவளுக்குப் பட்டது.

இதய ஆஸ்பத்திரியில் அவளுக்குப் 'பட்டன் அக்கா' என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியை நோயாளியின் இடது மார்பில் ஒட்டி, அதை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. ஒரு வாரம் அது இதயத் துடிப்பைப் பதிவு செய்யும். பவுடர் பூசிய மார்பில் ஒட்டிக்கொண்டு, விழுந்துவிட்டது என்று வந்து நிற்பார்கள். குளிக்கப்போகும்போது பிய்த்தெடுத்து, பிறகு தலைகீழாக ஒட்டிக்கொள்வார்கள். யாரிடமும் அவள் சலித்துக்கொண்டதில்லை. "நடுவுல இருக்கிற பட்டனைச் சும்மா அழுத்தக்கூடாது. படபடப்பு, தலைசுத்தல், மூச்சுத்திணறல்... இதுல ஏதாவது வந்தா மட்டும்தான். எங்கே, எப்போ அழுத்தணும்? நீங்க சொல்லுங்க பார்ப்போம்" என்று அவர்கள் வாயாலேயே ஒருமுறை சொல்லவைத்த பிறகுதான் அனுப்புவாள்.

அத்தையிடம் மட்டும் அப்படிக் கேட்க முடியவில்லை. நான்கு வருடங்களாக அத்தை அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பசி, தலைவலி, கதவைச் சாத்து, எல்லாமே மகன் வழியாகத்தான் வரும். மகன் இல்லாத நேரத்தில் சுவரைப் பார்த்துச் சொல்லப்படும்.

காரணம் அத்தையின் இளைய மகன், சின்னவன். தனக்குப் பிடித்த பெண்ணைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்ற தம்பியை, அம்மா வெளியே போயிருந்த நேரத்தில் அண்ணனான இவள் கணவன் கைநீட்டி அடித்துவிட்டான். சின்னவன் கட்டிய துணியோடு வீட்டைவிட்டுப் போய்விட்டான். திரும்பி வந்த அத்தை, "என் பிள்ளை எங்கே?" என்று அலறியபோது மூத்தவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஒரு கணத்தில் இவள் முந்திக்கொண்டாள். "நான்தான் அத்தை... ஏதோ வாய் தவறிப் பேசிட்டேன்." இரண்டு பிள்ளைகளையும் ஒரே நாளில் அந்தத் தாய் இழக்கக்கூடாது என்று நினைத்துச் சொன்ன பொய். கணவன் பிறகாவது வாயைத் திறப்பான் என்று நம்பினாள். அவன் திறக்கவே இல்லை.

போன மாதம் அத்தை குளியலறையில் மயங்கி விழுந்தாள். இதயம் இடையில் நின்று நின்று துடிக்கிறதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். அப்படியானால் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியை மார்புக்குள் வைக்க வேண்டும். அதற்கு முன் சரியான பதிவு வேண்டும். கருவியை ஒட்டிய அன்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டே படுத்திருந்தாள். தோலைத் துடைத்து, ஈரம் உலரக் காத்திருந்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபோது அத்தையின் நெஞ்சு அவள் கைக்கடியில் துடித்தது. 'அம்மாடி' என்று ஒருதரம் கூப்பிட மாட்டார்களா என்று அவளுக்கு அழுகை முட்டியது. பட்டனைப் பற்றிச் சொல்லவேண்டியதையெல்லாம் வழக்கம்போலக் கணவனிடம் விலாவாரியாகச் சொன்னாள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவன் அம்மாவிடம் அதைச் சுருக்கமாக ஒப்பித்துவிட்டுப் போனான்.

இன்று ஆஸ்பத்திரியில் அந்தப் பதிவை அவளே கம்ப்யூட்டரில் பார்த்தாள். ஒட்டியதில் எந்தக் குறையும் இல்லை. கோடுகள் தெளிவாக இருந்தன. ஆனால் பட்டன் அழுத்தப்பட்டதெல்லாம் சாயங்கால வேளையில். அத்தையின் அறை ஜன்னலை ஒட்டிய கொல்லைப்பக்கத்தில், துணி எடுக்கும் சாக்கில் அவள் சின்னவனுடன் ரகசியமாகப் போனில் பேசும் நேரம். அந்த நேரங்களை அவள் மறுபடி ஒருமுறை சரிபார்த்தாள். என் குரல் கேட்டாலே அவங்களுக்கு நெஞ்சு வலிக்குதா? அவ்வளவு வெறுப்பா என்மேல்?

சாயங்காலம் புதுக் கருவியோடும் ஒரு முடிவோடும் வீட்டுக்கு வந்தாள். அத்தைக்கு ஒட்டி முடித்து, அழுத்திப் பிடித்த கையை எடுக்காமலே கணவனிடம் சொன்னாள்.

"ஏங்க... இந்த ஒரு வாரம் நான் எங்கக்கா வீட்டுல இருந்துக்கறேன். என் குரல் கேக்கிறப்பதான் அத்தைக்கு நெஞ்சு வலிக்குது. நான் இல்லைன்னா பதிவு நல்லா வரும்."

"என்ன உளறுற?"

"உளறல. நான் பார்த்துட்டுதான் வர்றேன்..."

அவள் கையை எடுக்கப் போனாள். மெலிந்த விரல்கள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தின.

"எங்கேயும் போகாதே."

சுவரைப் பார்த்து அல்ல. அவள் முகத்தைப் பார்த்து!

"உன் குரல் கேட்டு வலிக்கல... நீ கொல்லையில நின்னு போன்ல சின்னவன்கிட்ட 'சாப்பிட்டீங்களா'ன்னு கேப்ப. அவன் என்ன சொன்னான்னு எனக்குக் கேக்காது. நெஞ்சை அடைக்கும். 'நெஞ்சு ஒரு மாதிரி இருந்தா அழுத்தும்மா'ன்னு இவன் சொன்னானே... அழுத்தினேன்."

"அத்தை..."

"ஒருநாள் நீ சொன்னதும் காதுல விழுந்துச்சு. 'அண்ணன் அடிச்சதை மனசுல வச்சுக்காதீங்க'ன்னு. அன்னிக்குப் பட்டன்மேல இருந்து விரலையே எடுக்கல நான். நாலு வருஷமா உன்னைப் போய்... பாவி நான்! எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன்கிட்ட பேசுவேன்னுதான்..."

கிழவி விம்மினாள். மருமகள் அப்படியே குனிந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இத்தனை வருடம் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. கணவன் கதவருகே போய் நின்றுகொண்டான்.

சற்றுநேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொழில் புத்தி போகுமா? கருவியின் ஓரம் பிரிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.

"அத்தை, இதுக்கெல்லாம் பட்டனை அழுத்தக்கூடாது. படபடப்பு, தலைசுத்தல், மூச்சுத்திணறல் வந்தா மட்டும்தான். பிள்ளையைத் தேடுறதெல்லாம் மெஷினுக்குத் தெரியாது."

"அப்ப அதை எப்படிச் சொல்றது?"

"வாயத் திறந்து சொல்லுங்க."

அத்தை மூத்தவனைப் பார்த்தாள். அவன் கண்கள் தாழ்ந்தன.

"உன் தம்பியைக் கூப்பிடு. இவ போன்லேருந்து வேண்டாம். உன் போன்லேருந்து கூப்பிடு. அடிச்சவன் நீதானே?"

அவன் போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான். வெகுநேரம் மணி அடித்தது. பிறகு, "டேய்... நான்தான்டா..." என்றான்.

மருமகளின் கையை அத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துட்டானா? என்ன சொல்றான்? எனக்குக் காது சரியா கேக்கல... நீ கேட்டுச் சொல்லேன், அம்மாடி."