பூட்டிய வீடும் வெளியே நின்ற வண்டியும்

ஃபேர்பேங்க்ஸில் குளிர் எலும்பைத் துளைத்த ஒரு ஜனவரி வெள்ளிக்கிழமை, ஆரின் ஹாஸ்கல் விசாரணை அதிகாரி மார்லிஸின் மேசை முன் வந்து உட்கார்ந்தார். அரசு நில அளவையாளர். தொலைதூர நகரமான பாய்ஸியிலிருந்து மாற்றலாகி வந்தவர். அப்படி வருகிறவர் வீடு வாங்கினால் பத்திரச் செலவை அரசே திருப்பித் தரும். ஆனால் அந்த வீட்டிலிருந்துதான் தினமும் வேலைக்குப் போய்வர வேண்டும். ஹாஸ்கல் அங்கே குடியிருக்கவில்லை என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

"பொய்க் கணக்குன்னு முடிவாச்சுன்னா வேலை போயிடும் மேடம். நான் அங்கதான் இருக்கேன்."

மறுநாள் மதியம் மார்லிஸோடு போன உதவியாளர் கர்ட்டிஸ் அந்த வீட்டைத் துருவித் துருவிப் பார்த்தான். வாசற்படியில் முழங்கால் உயரப் பனி. ஒரு காலடித் தடம் இல்லை. ஜன்னல் வழியே பிரிக்காத பெட்டிகள் தெரிந்தன. கதவைத் தட்டினான், பதில் இல்லை. பிடித்துவிட்டோம் என்று அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"ஆள் இருந்த வாடையே இல்ல மேடம். மனுஷன் நமக்கே காது குத்துறாரு."

"உனக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்றார் மார்லிஸ். "அவரோட வண்டி எங்க நிக்குது?"

வீட்டை ஒட்டிய பெரிய ஷெட்டுக்கு வெளியே நின்றது. எஞ்சின் உறையாமலிருக்க மின்கம்பி செருகியிருந்தது.

"இவ்வளவு பெரிய ஷெட்ட வச்சுக்கிட்டு, இந்தக் குளிர்ல எவனாவது வண்டிய வெளிய விடுவானா? உள்ள வேற என்னமோ இருக்கு. ஷெட்டுக் குழாய்ல புகையும் வருது பாரு."

"சாமான் அடைச்சிருப்பாரு."

"சாமானுக்குக் குளிராதுப்பா."

மார்லிஸ் ஷெட்டின் கதவைத் தட்டினார். திறந்தது ஹாஸ்கல். உள்ளே ஒரு மடக்குக் கட்டில், விறகு அடுப்பு, அதன்மேல் சூப்புப் பாத்திரம்.

"படத்தப் பாத்து இந்த வீட்டப் புடிச்சதே என் சம்சாரம் டெல்மாதான்" என்றார். "பத்திரம் முடிஞ்ச மறுவாரம் பாய்ஸியிலயே தவறிட்டா. அவ இல்லாம அந்த வீட்டுக்குள்ள போய்ப் படுக்க மனசு வரல. இத ஆபீஸ்ல எப்படிச் சொல்றது?"

கர்ட்டிஸுக்கு வெட்கமாகிவிட்டது.

"தினம் வேலைக்கு எங்கேர்ந்து கிளம்புறீங்க?" என்று கேட்டார் மார்லிஸ்.

"இங்கேர்ந்துதான்."

"ஷெட்டும் இந்த வீட்டச் சேர்ந்ததுதான். எங்கேர்ந்து வேலைக்குப் போறீங்கன்னு மட்டும்தான் சட்டம் கேக்குது. எங்க தூங்குறீங்கன்னு கேக்கல."

"அப்போ வேலை போகாதா?"

"போகாது."

ஹாஸ்கல் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"வேலை போயிருந்தா பாய்ஸிக்கே திரும்பிப் போயிருக்கலாம் மேடம். அவள அங்கதான பொதைச்சிருக்கு."