கூட்டிச் செல்பவர் பெயர்

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியின் கணினி அறைக்கு அவன் திரும்பி வந்தான். மதிய வெயில் ஜன்னல் வரை வந்து நின்றிருந்தது. அறையில் டெட்டால் வாடை.

நோயாளி சேர்க்கைப் படிவம் சர்வருக்கு ஒழுங்காய்ப் போகிறதா என்று பார்ப்பது அவன் வேலை. திரையில் படிவத்தைத் திறந்து நிரப்புகிற பொறுமையெல்லாம் அவனுக்குக் கிடையாது. கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையில் பெயர், வயது, படுக்கை எண் எல்லாம் ஒரே வரியில் அடித்து அனுப்பிவிடுவான். ஆறு வருஷமாகச் சோதனைக்குப் போட்டது மனைவியின் பெயரைத்தான். படுக்கை ஏழு.

"என்னை இன்னும் எத்தனை தடவைதான் ஆஸ்பத்திரில சேர்ப்பீங்க?" என்று சிரிப்பாள்.

கடைசியில் அவள் கிடந்ததும் அதே ஏழில்தான்.

கை பழக்கத்தில் பழைய வரியை எடுத்து என்டரைத் தட்டியது. பிறகுதான் பார்த்தான். போனது சோதனை சர்வருக்கு அல்ல, நிஜ சர்வருக்கு.

'சேர்க்கப்பட்டார்.'

போன் அடித்தது. மாடி வார்டு நர்ஸ்.

"சார், ஏழாம் பெட்டுல உங்க வீட்டம்மா பேரு வந்திருக்கு."

"தப்பா அனுப்பிட்டேன் சிஸ்டர். எடுத்துடறேன்."

"சீக்கிரம் சார். பெட் காலியாத்தான் இருக்கு." குரல் தணிந்தது. "ஆனா அந்த பெட்டுலேர்ந்து எங்களைக் கூப்பிடற மணி அடிச்சிக்கிட்டே இருக்கு."

போனுக்குள் மணி கேட்டது.

அவனுக்குப் பயம் வரவில்லை. மூன்று வாரமாக எதுவுமே வரவில்லை, மரத்துப்போக ஊசி போட்ட ஈறு மாதிரி.

டிஸ்சார்ஜ் வரியை அடித்து அனுப்பினான்.

'பிழை. கூட்டிச் செல்பவர் பெயர் இல்லை.'

'ஒருவருமில்லை' என்று போட்டால் முடிந்தது. விரல் நகரவில்லை. அன்று, "நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, இதே நாற்காலிக்குத்தான் வேலை பார்க்க வந்தான். ஒரு மணி நேரத்தில் அவள் உயிர் போய்விட்டது.

தன் பெயரை அடித்தான்.

'ஏற்கப்பட்டது.'

"மணி நின்னுடுச்சு சார்," என்றாள் இன்னும் போனில் இருந்த நர்ஸ்.

அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வாசலில், வேலைக்குச் சேர்ந்து இரண்டே நாளான காவலாளி கதவைத் திறந்தார். அவன் வெளியே போன பிறகும் மூடவில்லை.

"கொஞ்சம் நில்லுங்க சார்," என்றார். "பின்னாடி வர்ற உங்க வீட்டம்மாவால வேகமா நடக்க முடியல."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் குறைத்துக்கொண்டான்.