சுவருக்கு அந்தப் பக்கத் தாளம்

அக்கா "சாவி எங்க வெச்ச?" என்று கேட்டபோது நடுவிலிருந்து ஒரு துண்டு காணாமல் போனது. "சா... எங்க வெச்ச?" என்றுதான் காதில் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும், தொண்டை கட்டியிருக்கும் என்று விட்டிருப்பார்கள். தங்கையால் விட முடியவில்லை. திக்குவது வேறு, வெட்டுப்படுவது வேறு. திக்குகிறவர்களுக்கு மூச்சு முட்டும், உதடு தவிக்கும், சத்தம் வெளியே வரப் படாத பாடு படும். அக்காவின் உதடு போக வேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பியது, சத்தம் மட்டும்தான் இல்லை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் ஒலியைத் துண்டு போட்டு ஒட்டுகிறவளுக்கு வெட்டின் விளிம்பு தெரியாதா என்ன? சுத்தமான வெட்டு. ஓரத்தில் ஒரு சின்ன 'டிக்' கூட இருந்தது.

"என்னக்கா சொன்ன? மறுபடி சொல்லு."

"சாவிடி, சாவி! அந்தக் கண்றாவியெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது போயிடுச்சா உனக்கு?"

இந்த முறை முழுசாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி, ஜன்னலில் நல்ல வெயில். அவள் சிரித்துவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

அந்த வீட்டில் இரண்டே பேர். அக்கா ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கிறவள். பதினோரு வருஷமாக, அலறிக்கொண்டு வருகிற எல்லாக் குரல்களுக்கும் அவள் முதலில் சொல்வது ஒன்றுதான்: "பதறாதீங்க. நான் லைன்லதான் இருக்கேன்." தங்கைக்குக் காய்ச்சல் அடித்தாலும், வேலை போனாலும், அம்மா இறந்த அன்றும் அதே குரலில் அதையேதான் சொன்னாள். தங்கைக்கு அவள் வைத்த பெயர் வாயாடி. சின்ன வயதிலிருந்தே வாயும் ஓயாது, விரல் முட்டியும் ஓயாது, மேசை கதவு எதைக் கண்டாலும் டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டிருப்பாள். சொந்தக்காரர்கள் உருப்படாது என்று தலையிலடித்துக்கொண்டார்கள். அவள் அதைத்தான் பிழைப்பாகவே ஆக்கிக்கொண்டாள்.

வாராவாரம் வீட்டிலிருந்தே இணையத்தில் அரை மணி நேர நிகழ்ச்சி நடத்தினாள். பெயர் 'கேட்டுத்தான் பாருங்களேன்'. பரிசோதனை எலக்ட்ரானிக், கிளிட்ச் ஹிப்-ஹாப் என்று ஊரில் யாரும் சீந்தாத இசையை, என்னதான் அது என்று எட்டிப் பார்க்க வருகிறவர்களுக்குச் சிபாரிசு செய்வதுதான் வேலை. அப்படி வந்து மாட்டிக்கொண்டவர்கள் நாலாயிரம் பேர். அதில் ஒரு லாரி டிரைவர் உண்டு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் உண்டு, பல் பிடுங்கும்போது இதைப் போட்டுவிட்டால் நோயாளிக்கு வலியே தெரிவதில்லை என்று எழுதிய பல் டாக்டரும் உண்டு.

"புதுசா வந்தவங்க முதல் நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கங்க," என்று மைக்கில் சொல்வாள். "பிரிண்டர் இருமற மாதிரி ஒரு சத்தம் வரும், அதான் டிரம்மு. பாடறவன் ஒரு வார்த்தையைப் பாதி முழுங்கிடுவான், இல்லன்னா ஒரே எழுத்துல மாட்டிக்கிட்டு நிப்பான். உங்க ஸ்பீக்கர் ஒண்ணும் கெட்டுப் போகல, எழுந்து போய்த் தட்டாதீங்க. தப்பையே தாளமாக்கியிருக்காங்க. ரெண்டாவது நிமிஷம் உங்க கால் தானா ஆடும். ஆடலைன்னா எழுதித் திட்டுங்க. ஆடிச்சுன்னா நாலு பேருக்கு அனுப்புங்க!"

எதையும் மூன்று முறை கேட்காமல் அவள் சிபாரிசு செய்ததில்லை. முதலில் ஹெட்போனில். அடுத்து ஸ்பீக்கரில். மூன்றாவது, அறையில் பாட்டை ஓட விட்டுவிட்டு, மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கதவு வழியாகச் சமையலறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் காதை வைத்துக் கேட்பாள். மேல் சத்தமெல்லாம் சுவரிலேயே நின்றுவிடும். பாட்டின் எலும்பு மட்டும் இந்தப் பக்கம் வரும். அது நன்றாக இருந்தால்தான் பாட்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒன்பது நாள் முன்னால் அனுப்பியவர் பெயர் இல்லாமல் ஒரு பாட்டு வந்தது. அதற்குத் தலைப்பும் இல்லை. ஹெட்போனில் கேட்டாள், சுமார்தான். தாளத்துக்கு மேல் நிறைய வெற்றிடம், பாடுகிறவன் வர வேண்டிய இடத்திலெல்லாம் வெறும் 'டிக்', 'டிக்'. ஸ்பீக்கரில் கொஞ்சம் பிடித்தது. மூன்றாவது முறை சமையலறையில் நின்று, குளிர்ந்த சுவரில் காதை ஒட்டவைத்து, குழாய் சொட்டுவதையும் பிரிட்ஜ் முனகுவதையும் தாண்டி அவள் கேட்டுக்கொண்டிருந்தபோது, யாருமில்லாத அந்த அறையிலிருந்து யாரோ விரல் முட்டியால் சுவரைத் தட்டினார்கள். டொக். டொக். டொக்-டொக். தாளத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்த தட்டு, ஆனால் பாட்டைவிடக் கிட்டத்தில், காதுக்கு நேர் எதிரில் வந்தது.

வேறு எவளாவது இருந்தால் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருப்பாள். இவள் "அடேங்கப்பா, என்ன பீட்டுடா இது!" என்றாள். சந்தோஷத்தில் புல்லரித்தது. தப்பாகக் கேட்டாலே அது கலை என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துப் பழகிய காது அது. பழக்கதோஷத்தில் கையை உயர்த்தி அதே தாளத்தில் திருப்பித் தட்டினாள்.

சுவரில் தட்டுவது நின்றது, ஒரு மூச்சு நேரம். பிறகு முன்னைவிட வேகமாகத் தட்டியது.

அந்த வாரமே சிபாரிசு செய்துவிட்டாள். லாரி டிரைவர் மட்டும் எழுதினார்: "அம்மா, வண்டில போட்டுக் கேட்டேன். பாட்டு நின்னப்புறமும் பின்னாடி பலகையைத் தட்டிட்டே வருது. எடுத்துடுங்கம்மா, வேண்டாம்." அதை நிகழ்ச்சியில் படித்துக் காட்டி, "அண்ணே, பயமா இருந்தா தாலாட்டு கேளுங்க. நான் எதையும் எடுக்கறதா இல்ல," என்று நக்கலடித்தாள்.

இப்போது சாவியை வாங்கிக்கொண்டு போன அக்கா பக்கத்து அறையில் தோழியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அலமாரி திறக்கும் சத்தம், மடித்த துணியை உதறும் சத்தம், நடுவில் பேச்சு. "ஆமா, நாளைக்குக் காலைல... போயிடுவேன்... இல்ல இல்ல, அவ... தான் இருக்கா." ஒவ்வொரு இடைவெளியின் ஓரத்திலும் ஒரு 'டிக்'. தங்கையின் சிரிப்பு போய்விட்டது. மேசையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டி அந்தப் பாட்டைத் திறந்தாள்.

முதல் நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே, முன்பு வெறும் 'டிக்' இருந்த இடத்தில், இப்போது ஒரு சத்தம் இருந்தது.

'வி'.

அக்காவின் 'வி'. 'சாவி'யிலிருந்து போன 'வி'.

திரையில் பாட்டுக்குக் கீழே, எத்தனை முறை கேட்கப்பட்டது என்ற எண் 911 என்றிருந்தது. அவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தி அக்காவைக் கேட்டாள். 912. பக்கத்து அறையில், "நல்...ச்சு." 913. "சரி, வெச்சு...றேன்." எங்கோ யாரோ ஒருவர், இவள் பேச்சை நம்பி, என்னதான் அது என்று ஆசையாக அந்தப் பாட்டைத் தட்டுகிறார். இங்கே அக்காவின் வாயிலிருந்து ஒரு துண்டு போகிறது.

அக்கா கதவோரம் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "ஆபீஸ்லேருந்து இன்னொரு போன் வந்துச்சுடி. நேத்து ஒரு கேஸ். முப்பத்தெட்டாம் நம்பர் வீடுன்னு... தெளிவாச் சொன்னேன். ரெக்கார்டு போட்டுப் பாத்தாங்களாம். வெறும் எட்டுன்னுதான் இருக்காம். வண்டி எட்டாம் நம்பருக்குப் போய் நின்னிருக்கு. பெரியவர் கடைசி நேரத்துல பொழைச்சுட்டாராம். நாளை...ருந்து வர வேண்டாம்னு..." உதடு அசைந்துகொண்டே இருந்தது. "நான் சொன்...டி. சத்தி...மா சொன்னேன்."

அவளுக்கு அழுகை முட்டியது. என்னால்தான் அக்கா, நான்தான் திருப்பித் தட்டினேன் என்று காலில் விழ வேண்டும்போல இருந்தது. அதற்கும் நேரமில்லை. பாட்டைத் தன் பக்கத்திலிருந்து அழித்தாள். குப்பையிலிருந்தும் அழித்தாள். எண் மட்டும் திரையில் அப்படியே நின்று ஏறியது. 1,240. 1,306. நாலு பேருக்கு அனுப்புங்க என்று அவள்தானே சொன்னாள்? அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தே காலுக்கு அக்காவிடம் ஒரு சத்தமும் மிச்சமில்லை. வாய் திறந்தது, மூடியது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதினாள்: "எனக்கு வலியெல்லாம் இல்ல. நீ அழாதே." எழுதிய பேனாவின் கீறல்தான் அந்த அறையில் கேட்டது. அதைப் படித்ததும் அவளுக்கு அழுகை போய், வந்தது ஆத்திரம்.

மைக்கைத் தன் பக்கம் இழுத்து ஆன் செய்தாள்.

"யாருடா நீ? பேரில்லாம வந்த திருட்டுக் கழுதை! உனக்கு வாய்தானே வேணும்? என் வாய எடுத்துக்க. முப்பது வருஷமா ஒரு நாள் ஓய்ஞ்சதில்ல, ஊரே கெஞ்சிப் பாத்தும் ஓய்ஞ்சதில்ல. எடுத்துக்க! அவ வாய்க்கு நாலு உசிரு காத்துட்டிருக்கு, என் வாய்க்கு எவன் காத்திருக்கான்? பயந்துடுவேன்னு நெனச்சியா? உன்ன மாதிரி நூறு சத்தத்த நான் கேட்டிருக்கேன். நீ ஒண்ணும் பெரிய பாட்டு இல்ல. சுமார். கேட்டியா? சுமார்தான் நீ..."

பேசினாள். பேசிக்கொண்டே இருந்தாள். இடது கை அக்காவின் கையைப் பிடித்திருந்தது. மேசைக்குப் பக்கத்தில் சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் அடியில் வெயில் ஒரு கோடாகக் கிடந்தது. குழாய் சொட்டியது. பிரிட்ஜ் முனகியது.

பிரிட்ஜ் நின்றது.

"வாயாடி," என்று சமையலறையிலிருந்து அக்கா கூப்பிட்டாள். "டீ போடட்டா?"

அக்காவின் குரல். முழுசாக. ஒரு வெட்டு இல்லாமல்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாய் மூடியிருந்தது. கை மட்டும் இவள் கையை நொறுக்கிவிடுவதுபோல் இறுகியது.

கதவடியில் கிடந்த வெயில் கோட்டில் இரண்டு நிழல்கள் வந்து நின்றன.

அவள் திட்ட வாயைத் திறந்தாள். டிக். மறுபடி திறந்தாள். டிக். கேட்டதை எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் எதையும் திருப்பித் தரவில்லை. அவளை ஏமாற்றிவிட்டது.

சரி. வாய் போனால் போகட்டும். கை இருக்கிறது.

முட்டியை மடக்கி மேசையில் தட்டினாள். டொக்.

பக்கத்தில் அக்காவின் தொண்டை துள்ளியது. "வா."

சத்தம். அக்காவின் வாயிலிருந்து, அக்காவின் சத்தம்.

கதவின் தாழ்ப்பாள் தானாக விலகியது.

டொக். "யா." கதவு ஒரு விரற்கடை திறந்தது.

டொக். "டி." இன்னொரு விரற்கடை.

அக்கா தலையை வேகமாக ஆட்டினாள், வேண்டாம், வேண்டாம் என்று. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. இவளும் பார்த்தாள். கதவின் இடுக்கில், சரியாக அக்காவின் உயரத்தில், முகம் எதுவும் இல்லாத இடத்தில், ஒரு வாய். திறந்து, மூடி, பொறுமையாக.

"பதறாதீங்க," என்றது அது. "நான் லைன்லதான் இருக்கேன்."

மூன்று எழுத்து வந்திருக்கிறது. இன்னும் இருநூற்று நாற்பத்து நான்கு பாக்கி. அவள் கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் முட்டியை உயர்த்தினாள். தோல் உரிந்து மேசையில் ஒரு துளி ரத்தம் விழுந்தது.

டொக்.