குப்பைமேனி எங்கே போச்சு?

சனிக்கிழமை காலையில் மாரிசெல்வி ஒரு நல்ல காரியம் செய்தாள். நல்ல காரியம் என்றுதான் அவள் நினைத்தாள், பாவம்.

ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டுக்கு எதிரே நீளமாக ஒரு மதில் சுவர். காரை பெயர்ந்து, விரிசல் விட்ட பழைய சுவர். அதில் படம் வரைய விருதுநகரிலிருந்து ஜெபிஷா என்ற ஓவியர் வந்திருந்தார். வெள்ளிக்கிழமை முழுக்கச் சுவரருகே குனிந்து நிமிர்ந்து சாக்பீஸால் ஏதேதோ கோடு போட்டார். "நாளைக்கு பெயிண்ட் ஆரம்பிச்சிருவேன் மாரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாரிக்கு ஒரே சந்தோஷம். காரணம் இருந்தது. அவளுடைய அப்பா பாண்டிராஜ் அந்த வார்டின் மாடியில்தான் இருந்தார். பட்டாசுக் கம்பெனி விபத்தில் இரண்டு கைகளிலும் தோளிலும் தீக்காயம். காயம் ஆறிக்கொண்டுதான் வந்தது. ஆனால் இருபத்திரண்டு நாளாக அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. "எந்திரிச்சு நாலு எட்டு நடங்க" என்று டாக்டர் தினமும் சொல்வார். அப்பா எழுந்திருக்க மாட்டார். சன்னல் பக்கம் பார்த்தபடியே படுத்திருப்பார்.

எதிரே அழகான படம் வந்தால் அப்பா பேசுவார். மாரி அப்படி நம்பினாள்.

சரி, படம் வரையப்போகும் சுவரில் விரிசலுக்கு விரிசல் செடி முளைத்துக் கிடக்கலாமா? அப்பாவின் கம்பெனியில் வெடிமருந்து அறையைச் சுற்றி ஒரு புல் இருக்கக் கூடாது. காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் போதுமே! அதனால் அங்கே களை பிடுங்கிவிட்டுத்தான் எந்த வேலையும் தொடங்கும். எல்லா வேலையும் அப்படித்தான் தொடங்கும் என்று மாரி நினைத்திருந்தாள்.

திருத்தங்கலிலிருந்து முதல் பஸ்ஸில் அம்மாவோடு வந்து இறங்கினாள். அம்மா மேலே போனதும் வேலையில் இறங்கினாள். குப்பைமேனி, வெட்டுக்காயப் பூண்டு, நாயுருவி, விரல் நீள அரசங்கன்று. ஒன்று விடவில்லை. எல்லாவற்றையும் குப்பை வண்டியில் போட்டாள். வண்டியும் போய்விட்டது. பிறகு நான்கு வாளித் தண்ணீர் ஊற்றி, துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினாள். சாக்பீஸ் கோடுகளும் அழுக்கோடு அழுக்காகப் போயின.

ஜெபிஷா வந்தார். கையிலிருந்த பெயிண்ட் டப்பா 'தொம்' என்று தரையில் விழுந்தது.

"எப்படிக்கா? பளிச்சுன்னு இருக்குல்ல?"

ஜெபிஷா விரிசல்களைத் தடவிப் பார்த்தார். "செடியெல்லாம் எங்க?" என்றார்.

"பிடுங்கிட்டேன்க்கா. ஒண்ணு விடல!"

ஜெபிஷா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாரி... அந்தச் செடிகதான் படமே. எந்த விரிசல்ல எது முளைச்சிருக்கோ, அதுக்குப் பக்கத்துலயே அதை ஆள் உயரத்துக்கு வரையணும்னு இருந்தேன். ஒருத்தரும் தண்ணி ஊத்தல, ஆனாலும் காரையைப் பொளந்துக்கிட்டு வந்துச்சுல்ல? அதை மேல இருக்கறவங்க பார்க்கணும்னு நினைச்சேன்."

மாரி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். "போன்ல போட்டோ இல்லையாக்கா?"

"இருக்கு. தூரத்துல நின்னு எடுத்தது. வெறும் பச்சைப் புள்ளியாத்தான் தெரியுது."

அப்போதுதான் மாடியிலிருந்து இடி மாதிரி ஒரு குரல் வந்தது.

"ஏலே! யாருலே என் குப்பைமேனியப் பிடுங்குனது?"

மாரி துள்ளி விழுந்தாள். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும்! கட்டு மாற்றிவிட்டுத் தள்ளு வண்டியில் திரும்பி வந்த அப்பா, சன்னல் வழியாகக் கத்திக்கொண்டிருந்தார்.

பக்கத்துப் படுக்கைத் தங்கச்சாமி குடித்துக்கொண்டிருந்த கஞ்சி அவருக்குப் புரையேறிவிட்டது. "யோவ் பாண்டி! உனக்கு வாய் இருக்கா?"

மாரி சன்னலை நிமிர்ந்து பார்த்தாள். மறைத்துவிடலாமா? வேண்டாம்.

"நான்தான்ப்பா! தெரியாமப் பிடுங்கிட்டேன்!"

சன்னலில் அப்பாவின் முகம் இல்லை.

பேசிய அப்பாவையும் பேசாமல் ஆக்கிவிட்டோமே! மாரிக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் செடி வருமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு சாக்பீஸை எடுத்தாள். குப்பைமேனி எங்கே இருந்தது? நடு விரிசல் என்று நினைவு. அங்கே குத்துமதிப்பாக ஒரு செடி வரைந்தாள்.

"அங்கன இல்ல."

மேலே பார்த்தாள். சன்னல் ஓரத்தில் அப்பாவின் பாதி முகம்.

"பின்ன எங்கனப்பா?"

அப்பா முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். மாரி யோசித்தாள். அப்புறம் வேண்டுமென்றே சுவரின் கோடிக்கே போய், குப்பைத் தொட்டிக்குப் பின்னால் சாக்பீஸை வைத்தாள்.

"அட, அங்கன இல்லத்தா! தண்ணிக் குழாய்க்கு இந்தப் பக்கம்! ரெண்டு சாண் மேல! அதுக்குக் கீழ வெட்டுக்காயப் பூண்டு, மூணு பூ இருந்துச்சு!"

ஜெபிஷா சட்டென்று எழுந்து நோட்டைத் திறந்தார்.

"மூணு இல்லய்யா, நாலு பூ!" என்றார் தங்கச்சாமி. "எனக்கு மட்டும் கண்ணு இல்லையாக்கும்?"

"அது நேத்து. இன்னைக்கு விடியும்போதே ஒண்ணு உதிர்ந்துருச்சு!"

நர்ஸ் ஞானசுந்தரி ஓடி வந்தார். "வார்டுல என்ன இம்புட்டுச் சத்தம்?" என்று அதட்ட வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். பாண்டிராஜ் தள்ளு வண்டியில் இல்லை. தானாக எழுந்து, சன்னலோரம் நின்று, கட்டுப்போட்ட கைகளை அசைக்க முடியாமல் மோவாயால் வழி காட்டிக்கொண்டிருந்தார்.

"இடது பக்கம்... இன்னுங் கொஞ்சம்... ஆங், அங்கனதான் அரசங்கன்னு!"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் முடிந்தது. அப்பா நடந்தே மாடிப்படி இறங்கி வந்தார். அவர் உயரத்துக்குக் குப்பைமேனி பச்சைப்பசேல் என்று நின்றது. அப்பா அதை உற்றுப் பார்த்தார். பேசவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாரிக்குப் பக்கென்றது. "அப்பா! ஏன்ப்பா பேச மாட்டேங்கிறீக?"

"சும்மா இரு தாயி, இலையை எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார் அப்பா. "ரெண்டு இலை குறையுது."

"மூணு!" என்று மாடியிலிருந்து கத்தினார் தங்கச்சாமி.