அடைவீட்டில் கரியடுப்பு

உப்பளத்திலிருந்து வந்தது முதலே ஜெபக்கனிக்கு மண்டை இடித்தது. வெயில் என்றுதான் நினைத்தாள். காலை பத்துக்கு மேல் தூத்துக்குடியில் வெளியே நின்றால் சாவுதான். அதனால் தொழிலாளர் அடைவீடுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். பொழுது சாய்ந்தால்தான் திறக்கும். வரிசை முழுக்க ஒரே குளிர்காற்று சுற்றிவரும்.

அடுப்புக்கு மேலே மூச்சுணரி. நச்சுக்காற்று கண்டால் அது கத்தும், வரிசைக் கதவுகள் அத்தனையும் திறக்கும், அன்றைய குளிர் எல்லோருக்கும் போச்சு. மலிவுக் கருவி, மிளகாய் தாளித்தாலும் கத்தும். அதனால் தாளிக்கும்போது அதன் வாயில் ஈரத்துணி கட்டுவது அங்கே வழக்கமாகிவிட்டது; கட்டியதைப் பலர் அவிழ்ப்பதுமில்லை. கட்ட மறந்தவளை வரிசையே ஏசும்.

மின்சாரம் வேறு இறங்கியிருந்தது; குளிருக்கும் கருவிகளுக்கும் போக அடுப்புக்கு வரவில்லை. தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் மனைவி பிலோமினாள் இருமினாள்.

"மைனி, கரண்டு இல்லாம எதுல ஆக்குறிய?"

"கரியடுப்புலதான். புகையே இல்லட்டி, நல்ல கனலு. தலைதான் சுத்துது."

தன் மண்டையிடியும் வெயிலால் இல்லை, அதே காற்றுதான் இங்கேயும் என்று ஜெபக்கனிக்குப் புரிந்தது. கரிக்கனலின் விஷத்துக்கு வாசனை கிடையாது.

"மைனி, துணிய அவுருங்க. இப்பவே."

"அவுத்தா கத்தும். எல்லாவளும் என்னய ஏசுவாளுவ. செத்த நேரம் படுத்துட்டு..."

பிறகு பேச்சில்லை.

ஜெபக்கனி தன் வீட்டு உணரியின் துணியைப் பிய்த்தெறிந்தாள். அது அலறியது. கதவுகள் திறந்தன. அனல் அறைந்தது.

"எவட்டி அது, குளிரத் தொலைச்சவ?" என்று யாரோ கத்தினார்கள்.

ஜெபக்கனி பக்கத்து வீட்டுக்கு ஓடி, பிலோமினாளை அக்குளில் கைகொடுத்து வாசலுக்கு இழுத்துப் போட்டாள். மூச்சில்லை. நெஞ்சை அமுக்கி அமுக்கிக் கை மரத்துப்போனது. ஏசியவர்கள் ஓடிவந்து சுற்றி நின்றார்கள்.

சுவர்த்திரையில் உப்பளத்து மேலாளர் தோன்றினார். "உணரிய மறைச்சது விதிமீறல்."

"ஒங்க வீட்ல தாளிச்சா இது கத்துமா சார்?"

"அது வேற மாடல்."

"அந்த மாடலத்தான நாங்களும் கேட்டோம்?"

"பரிசீலனையில இருக்கு."

"எங்க மைனி செத்துக் கெடக்காவ. அவியளயும் சேத்துப் பரிசீலிங்க."

"குளிர் வீணாகுதும்மா. கதவ மூடணும்."

ஜெபக்கனி நிலைப்படியில் குறுக்கே உட்கார்ந்தாள். மற்றப் பெண்களும் அவரவர் வாசலில் உட்கார்ந்தார்கள்.

"நீரு மூடும், பாப்போம். எங்களுக்கு ஒரு உசிரு பாக்கி வச்சிருக்கீரு. பிலோமினாள் மைனி உசிரு."